மொரிஸ் மைனரா, ரெட்ரோ ஸ்கூட்டரா, சுவரில் ஒரு ரயில் விளக்கா? மலைநாட்டில் பழமையை வாங்குமுன்

பழைய மொரிஸ் மைனர் ஒன்றை வாங்கிப் புதுப்பிப்பதா, பழைய தோற்றத்தில் வரும் புதிய வண்டியை எடுப்பதா, அல்லது வண்டி ஆசையை ஒதுக்கிவிட்டு அந்தக் காலத்து விளக்கு, பெட்டி, மாதிரி ரயில் என்று வீட்டுக்குள் அந்த ரசனையைக் கொண்டுவருவதா? கொழும்பில் இருப்பவர் இதைப் பணத்தையும் விருப்பத்தையும் வைத்துத் தீர்மானித்துவிடலாம். ஹட்டனிலோ வெலிமடையிலோ ஹப்புத்தளையிலோ இருப்பவர் ஏற்றத்தையும் ஈரத்தையும் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். இவை இரண்டையும் தாங்காத பழம்பொருள் மலையில் சில மழைக்காலங்களுக்குள் துருவும் பூஞ்சணமுமாகிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை படாத கராஜும், பழைய வண்டி தெரிந்த ஒரு பாஸும் (மெக்கானிக்கும்) அருகில் இருந்தால் மொரிஸ் மைனர். தினமும் ஓட வேண்டும், கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் ஹொண்டா கப் வகை மோட்டார் சைக்கிள். வண்டியே வேண்டாம் என்பவர் வீட்டுக்கு ஒரே ஒரு உண்மையான பொருள், அதுவும் இன்னும் வேலை செய்கிற பொருள். பழையது போலத் தோன்றும்படி இந்த வருடம் அச்சடித்த தகரப் பலகையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். காரணங்கள் கீழே.

மொரிஸ் மைனர்: அழகுக்கு முன் பிரேக்கைப் பாருங்கள்

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இந்த வண்டி 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்திருந்தன. நம் மலை நகரங்களில் அது துரைமாரின் வண்டியாக மட்டும் இருக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற ஹயர் கார்களில் மொரிஸும் ஒஸ்டினும்தான் அதிகம். தோட்டத்திலிருந்து பிரசவத்துக்கும், கலியாண வீட்டுக்கும், ரயிலைப் பிடிக்கவும் போன ஒரு தலைமுறைக்கு அந்த உருண்ட முன்புறம் நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த ஆசையை நான் வெறும் ஆடம்பரமாகக் கருதவில்லை.

ஆனால் எல்லா மொரிஸ் மைனரும் ஒன்றல்ல. முதலில் வந்தது 918 சி.சி., 27 குதிரைவலுவைச் சற்றே தாண்டும். 1952க்குப் பின் 803 சி.சி., 30 குதிரைவலு. 1956இலிருந்து 948 சி.சி., 37 குதிரைவலு. 1962இலிருந்து 1,098 சி.சி., 48 குதிரைவலு. தாழ்நிலத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோலையும் காற்றையும் கலந்துவிடும் காபரேட்டர் வைத்த எஞ்சினின் வலுவும் அதே அளவு குறையும். 30 குதிரைவலு 25 ஆகிவிட்ட நிலையில் நான்கு பேரும் சாமானுமாக ஏறினால், வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு இறங்க வேண்டியதுதான். மலையில் வைத்து ஓட்டப்போகிறவர் 948 அல்லது 1,098 சி.சி. வண்டியைத் தவிர வேறெதையும் பார்க்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. 803ஐ மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கொழும்பில் சரிசெய்த காபரேட்டருடன் வண்டி மேலே வந்தால், காற்றுக் குறைவதால் பெற்றோல் விகிதம் கூடிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கறுத்த கரி படிந்திருக்கும். உள்ளூர் பாஸிடம் கொடுத்து நாம் இருக்கும் உயரத்துக்கு ஏற்றபடி சரிசெய்துகொண்டால் போதும், பயப்படத் தேவையில்லை. நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகையால் ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறதா என்பதை இங்கே கட்டாயம் பார்க்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், ரம்பொடை ஏற்றத்தில் ஆவி பறக்க நின்றுபோன வண்டிகளில் உங்களுடையதும் ஒன்றாகும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் எனக்குக் கவலை. மொரிஸ் மைனரின் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். நான்குக்கும் சேர்த்து ஒரே எண்ணெய் வழி. ஒரு குழாயில் கசிவு வந்தால் நான்கும் போய்விடும். மிஞ்சுவது கைப் பிரேக் மட்டும். பிரேக் எண்ணெயை ஊற்றும் உருளை சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைத் திருகித்தான் அளவைப் பார்க்க முடியும். அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நம்முடைய ஈரத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஈரமேறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தின் சூட்டில் ஆவியாகி, மிதிக்கும்போது பிரேக் தரையோடு போய்ச் சேரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு எண்ணெயையும் மாற்றுங்கள். முடிந்தால் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்துங்கள். அசல் தன்மை கெட்டுவிடும் என்று வாதிடும் சேகரிப்பாளர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கடுகண்ணாவை இறக்கத்தில் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு அந்த வாதம் பொருந்தாது. சீட் பெல்ட்டுக்கும் இதே பதில்தான்.

முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டு இந்த வண்டியின் பேர்போன பலவீனம். கிரீஸ் அடிக்காமல் விட்டால் அந்தத் திருகு மரை தேய்ந்து கழன்று, சக்கரம் சரிந்துவிடும். ஒழுங்காகக் கிரீஸ் அடித்து வருகிற வண்டியில் இது நடப்பதே அரிது. ஆகவே வாங்கும்போது கிலோமீற்றர் கணக்கைக் கேட்பதைவிட யார் பராமரித்தார், எங்கே கிரீஸ் அடித்தார் என்று கேட்பது பயனுள்ளது. கீழே படுத்துப் பார்த்தால் மூட்டின் முனையில் புதிய கிரீஸ் தெரியும், அல்லது காய்ந்த மண் தெரியும்.

உதிரிப்பாகங்கள் கிடைக்குமா என்ற பயம் இந்த வண்டிக்கு மட்டும் வேண்டாம். இலங்கையில் அடித்துத் தயாரித்த மொரிஸ் மைனர் உடற்பாகங்கள் ஒரு காலத்தில் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயின. நம் நாட்டுத் தகர வேலைக்காரர்களின் கைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? கவனிக்க வேண்டியது ஆவணங்களைத்தான். ஜப்பானிய எஞ்சின் மாற்றிப் பொருத்திய மொரிஸ்கள் நிறைய ஓடுகின்றன. ஓட்டத்துக்கு அவை நல்லவையாகவே இருக்கலாம். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் வண்டியில் இருப்பவற்றோடு ஒத்துப்போகவில்லையென்றால், உரிமை மாற்றும் நாளில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நிற்கப் போவது நீங்கள்தான்.

மூடுபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டிப்பொளைப் பக்கம் மாலையில் பனி இறங்கும்போது டைனமோவில் எரியும் பழைய மஞ்சள் வெளிச்சமும், மெதுவாக நகரும் வைப்பரும், உள்ளே ஆவி படிந்த கண்ணாடியும் சேர்ந்தால் சாலை தெரியாது. பழைய வண்டி வைத்திருப்பவர் மாலை 4 மணிக்குள் வீடு திரும்பும்படி பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது.

பீட்டிலும் லேண்ட் ரோவரும்

வொக்ஸ்வேகன் பீட்டிலுக்கு ரேடியேட்டரே கிடையாது. எஞ்சின் பின்னால், காற்றால் குளிர்வது. ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கும் பேச்சே இல்லை. எடை பின்சக்கரத்தின் மேல் விழுவதால் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரமான இறக்க வளைவில் திடீரென அக்சிலரேட்டரை விட்டால் பழைய பீட்டில்களின் பின்புறம் வெளியே வீசும். பின் ஆசனத்துக்கு அடியில் பெற்றரி இருக்கும் இடத்தில் தரைத் தகடு துருப்பிடிப்பதும் வழக்கம். நல்ல வண்டி, ஆனால் அதன் குணம் தெரிந்த கைகளுக்கு.

லேண்ட் ரோவரும் மொரிஸ் மைனர் பிறந்த அதே 1948இல் வந்ததுதான். போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடாக இருந்ததால் அதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடு நம் மழைக்கு வரமாக வந்து சேர்ந்தது: கதவும் பொனட்டும் துருப்பிடிப்பதில்லை. செஸி உருக்குத்தான், அது துருப்பிடிக்கும். அலுமினியமும் உருக்கும் தொடும் இடங்களில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். தோட்டத்து மேல் டிவிசனுக்குக் கற்பாதையில் ஏறிப்போக வேண்டியவருக்கு இன்றைக்கும் பழைய லேண்ட் ரோவருக்கு இணை குறைவு. தாழ் கியரில் போட்டால் பிரேக்கைத் தொடாமலே வண்டி மெல்ல இறங்கும். பெற்றோல் குடிக்கும். 2022இல் கியூ.ஆர். குறியீட்டுக்கு வாரம் இவ்வளவு லீற்றர் என்று வாங்கிய நாட்களை நினைத்தால், வீட்டின் ஒரே வண்டியாக இதை வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய முகத்தோடு வந்த புதிய வண்டிகள்

1991இல் நிஸான் 20,000 மட்டும் செய்த ஃபிகாரோவிலிருந்து, 1990களின் இறுதியில் வந்த நியூ பீட்டில், 2001இன் மினி, 2007இன் ஃபியட் 500 வரை ரெட்ரோ கார்கள் எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயம் உண்டு. முகம் பழையது, உள்ளே முழுவதும் வேறு. நியூ பீட்டிலில் எஞ்சின் முன்னால் வந்துவிட்டது, ரேடியேட்டரும் வந்துவிட்டது. அதில் தவறில்லை, பிரேக்கும் வெளிச்சமும் நம்பகமானவை. ஆனால் அவற்றின் கணினிப் பெட்டியோ சென்சரோ பழுதானால் பண்டாரவளை கராஜில் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய முடியாது. கொழும்புக்கு ஏற்றிப் போக வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தி 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்ட இறக்குமதித் தடையும், அதற்குப் பிந்திய வரியும் சேர்ந்து இவற்றின் விலையைப் பெரும்பாலானவர்களுக்கு எட்டாததாக்கிவிட்டன. இந்தப் பக்கம் நான் அதிகம் தங்கப்போவதில்லை.

இருசக்கர வண்டிகள்தான் உண்மையான போட்டி. வெஸ்பா 1946இலிருந்து வருகிற வடிவம். இன்றைய வெஸ்பாவும் உருக்குத் தகட்டு உடலோடுதான் வருகிறது, பார்ப்பதற்கு அழகு. ஆனால் சிறிய சக்கரம் நம் குழிகளில் பலமாக விழும். அதைவிட முக்கியமாக, கியரில்லாத தானியங்கி ஸ்கூட்டர்களில் அக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல். ரோயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 கியருள்ளது, டிஸ்க் பிரேக் உள்ளது, கம்பீரமானது. ஆனால் 195 கிலோ எடையை ஈரமான தோட்டப் பாதையில் திருப்பி நிறுத்த உடம்பில் வலு வேண்டும்.

ஹொண்டா கப் 1958இல் பிறந்தது. 2017இல் பத்துக் கோடியாவது வண்டி வெளிவந்தது. கைக் கிளட்ச் இல்லை, ஆனால் கியர் உண்டு. ஆகவே இறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பெரிய சக்கரம். காலுக்கு மறைப்பு, மழையில் சேறு தெறிக்காது. ஜப்பானிய அஞ்சல்காரர்களுக்கென்று செய்த சிவப்பு எம்.டி. 90 நம் மலைப் பாதைகளில் எத்தனை ஓடுகிறதென்று பார்த்திருப்பீர்கள். அது ரெட்ரோ என்று யாரும் பெயர் வைத்து வாங்கவில்லை. ஏறுகிறது, குடிப்பது குறைவு, எந்தப் பாஸும் சரிசெய்வார் என்பதற்காக வாங்கினார்கள். பழமையின் அழகு வேண்டும், அதே வண்டியில் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றிப்போகவும் வேண்டும் என்பவருக்கு, நல்ல நிலையிலுள்ள பழைய கப் ஒன்றை வாங்கி அசல் நிறத்தில் பூசிக்கொள்வதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஹொண்டா சாலியும் இதே வகைதான், ஆனால் 10 அங்குலச் சக்கரம். ஊருக்குள் ஓட்டுவதற்கு மட்டும்.

வீட்டுக்குள் வைப்பவை

இனி வண்டியே வேண்டாம், அதன் சாயல் வீட்டில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு. இங்கே முதல் எதிரி ஈரம். அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகள் ஊதிவிடும்; தோல் இருக்கைகளில் பூஞ்சணம் பூக்கும்; அச்சடித்த தகரப் பலகைகள் வெட்டிய ஓரத்திலிருந்து துருவும். பித்தளை, தேக்கு, எண்ணெய் பூசிய வார்ப்பிரும்பு, பெயர்ந்து உதிராத எனாமல் ஆகிய நான்கும் நம் காற்றைத் தாங்கும்.

தண்டவாளச் சிலிப்பர் கட்டையில் செய்த மேசையும் பெஞ்சும் இப்போது விரும்பப்படுகின்றன. வெளிமுற்றத்துக்கு என்றால் சரி. வீட்டுக்குள், குறிப்பாகச் சாப்பாட்டு மேசையாக, வேண்டவே வேண்டாம். மரச் சிலிப்பர்கள் உக்காமலிருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறவைக்கப்பட்டவை. அது தோலுக்கும் மூச்சுக்கும் கேடு, புற்றுநோய் ஆபத்தும் உண்டு. வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் அது கசிந்து வரும். எவ்வளவு வார்னிஷ் பூசினாலும் நான் குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்க மாட்டேன். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும் என்பதால் பழைய விளக்கையோ பலகையையோ வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

ரயில் விளக்கு, நிலைய மணி, ஒற்றைத் தண்டவாளத்தில் போக அனுமதியாக ரயிலோட்டிக்குக் கொடுக்கும் டெப்லட் போன்றவை விற்பனைக்கு வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஏல ரசீது இல்லாமல் வாங்குவது அரச சொத்துத் திருட்டுக்குத் துணைபோவதாகலாம். மேலும் டெப்லட் முறை நம் மலைப் பாதையில் இன்னும் உயிரோடிருக்கும் பாதுகாப்பு முறை, அது சுவருக்குரியதல்ல. அவற்றைப் பார்க்க விரும்பினால் 2014இல் திறந்த கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

வாங்குவதானால் நல்ல அரிக்கன் விளக்கு ஒன்றையோ, தேயிலைப் பெட்டி ஒன்றையோ சொல்வேன். இரண்டும் நம் லயன்களிலும் ஸ்டோரிலும் (தேயிலைத் தொழிற்சாலையிலும்) கைப்பட்டவை. தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையையும் தகர விளிம்பையும் துடைத்து, அடியில் கட்டை வைத்து நிலத்து ஈரத்திலிருந்து உயர்த்தினால் நல்ல பக்கமேசையாகும். விளக்கை மின்சாரத்துக்கு மாற்றினால் சூடேறாத எல்.ஈ.டி. போடுங்கள், உலோக உடலுக்கு எர்த் கம்பி கட்டாயம்.

பழைய இலக்கத்தகடுகளைச் சுவரில் அடுக்கும் வழக்கம் பெருகுகிறது. இதில் எனக்கு ஒரு மன வருத்தம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். 1950களின் பிற்பகுதியில் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமாக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு 1958இல் மலையகத்தையும் தொட்டது. பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தனர். அந்தத் தகட்டை ‘விண்டேஜ்’ என்று சொல்லி வரவேற்பறையில் மாட்டுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. வண்டியில் இருக்கும் தகடு வரலாறு, அது இருக்கட்டும். அலங்காரமாக வாங்குவதற்கு வேறு எவ்வளவோ இருக்கின்றன. துரைமாரின் பங்களாவையும் தொப்பியையும் அச்சடித்த ‘சிலோன் டீ’ பலகைகளைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். இந்த ரயில் பாதை கோப்பியைக் கொழும்புக்கு இறக்கத்தான் 1867இல் கண்டிக்கு வந்தது. பிறகு தேயிலைக்காக மேலே ஏறி 1924இல் பதுளையைத் தொட்டது. கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் யாருடைய நினைவு மாட்டப்படுகிறது என்று யோசிப்பது தவறில்லை.

மாதிரி ரயில்கள் எனக்கு மிகவும் பிடித்தமானவை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிரித்தானிய அளவு 1:76, அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். நம் அகலப் பாதையோ 1,676 மில்லிமீற்றர். 76ஆல் வகுத்தால் 22 வர வேண்டும். ஆகவே கனடா கொழும்புத் திட்டத்தின் கீழ் தந்து 1954இல் வந்து சேர்ந்த எம்2 டீசல் எஞ்சின்களை அந்தத் தண்டவாளத்தில் வைத்தால் ஒடுங்கித் தெரியும். தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும். ஆனால் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடி 1940களில் கைவிடப்பட்ட குறுகிய பாதை இருந்ததே, அது 762 மில்லிமீற்றர். 76ஆல் வகுத்தால் 10. உலகெங்கும் மலிவாகக் கிடைக்கும் 9 மில்லிமீற்றர் மாதிரித் தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. ஓர் அலமாரித் தட்டின் அகலத்தில் தேயிலைச் சரிவும் ஒரு சிறு நிலையமுமாக இராகலைப் பாதையை வீட்டில் அமைத்துவிடலாம். அமுக்கிய பலகைக்குப் பதில் நல்ல ஒட்டுப்பலகை போட்டு, கண்ணாடிக் கதவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளும் வைத்தால் தண்டவாளம் கறுக்காது. செலவிலும் இடத்திலும் மொரிஸ் மைனரின் பக்கத்தில்கூட வராது; பிள்ளைகளுக்கு மறைந்துபோன ஒரு பாதையைக் காட்டிய நிறைவும் உண்டு.

வண்டிதான் என்று முடிவெடுத்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. விற்பவர் வீட்டு வாசலில் எஞ்சின் சீராக ஓடுவதைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக மேலே ஏற்றிப் பாருங்கள். உச்சியில் நிறுத்தி ரேடியேட்டரையும், சூடு ஆறிய பிறகு பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். அதே வழியில் இரண்டாம் கியரில் இறக்கிக் கொண்டுவந்து, அடிவாரத்தில் சக்கரங்களுக்கு அருகே கைவைத்துப் பாருங்கள்; ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கப் பிரேக் இறுகியிருக்கிறது. இந்தச் சோதனைக்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.